முதியோர் நெடுநாள் பராமரிப்பு: எத்தனை பெட் வேண்டும் என்று கணக்குப் போடுவது எப்படி

அரசு நடத்தும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நீண்ட காலம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது புது இல்லங்களுக்கான திட்டக் குழுவில் இருக்கிறேன். கூட்டம் தொடங்கியதும் யாராவது ஒருவர் கேட்பார்: "ஆயிரம் முதியோருக்கு எத்தனை பெட்?" அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 65 வயதைத் தாண்டிய எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் 66 வயதுக்காரரும் 88 வயதுக்காரரும் ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள். நெடுநாள் படுக்கையின் தேவை ஏறுவதோ 80க்கு மேல்தான். 80–84, 85க்கு மேல் என்று தனித்தனியாக எண்ணுங்கள். இன்றைய எண்ணிக்கையோடு நிற்காமல், அடுத்த 15 வருடத்துக்கும் பாருங்கள். கட்டடம் எழும்பி ஆட்கள் சேரவே சில வருடம் போய்விடும்.

அடிப்படைக் கணக்கு எளிது. வருடத்துக்கு 120 பேர் சேர்கிறார்கள், ஒருவர் சராசரியாக இரண்டரை வருடம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் உள்ளே 300 பேர் இருப்பார்கள். 95 சதவீதம் நிரம்பியிருக்கும் என்று கொண்டால் 316 பெட் தேவை.

சிக்கல் அந்த 'சராசரி'யில் இருக்கிறது. சிலர் வந்த சில மாதங்களிலேயே இறந்துவிடுவார்கள்; சிலர் ஏழு, எட்டு வருடம் இருப்பார்கள். போன வருடம் வெளியேறியவர்களை மட்டும் எடுத்தால், திறந்து சில வருடமே ஆன இல்லத்தில் கணக்கு குறைத்துக் காட்டும், ஏனென்றால் நெடுநாள் தங்குகிறவர்கள் இன்னும் வெளியேறவே இல்லை. இன்று உள்ளே இருப்பவர்களை மட்டும் எடுத்தால் நெடுநாள் தங்குகிறவர்களே அதிகமாகத் தெரிவார்கள். ஆறேழு வருடம் முன்பு ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள் அத்தனை பேரையும் பதிவேட்டில் பிடித்து, ஒவ்வொருவரும் எப்போது வெளியேறினார் என்று பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அரை வருடம் பிசகினாலே இந்த உதாரணத்தில் 60க்கு மேல் பெட் கூடும் அல்லது குறையும்.

அடுத்தது காத்திருப்போர் பட்டியல். அதிலிருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். இறந்துபோனவர் பெயர் இருக்கும், ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிந்திருப்பார். வாசலில் ஒரு சாய்தளமும், காலையும் மாலையும் வந்து உதவ ஓர் ஆளும் கிடைத்தால் வீட்டிலேயே இருக்கக்கூடியவரும் இருப்பார். 1935இல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் நாள்பட்ட நோயாளிகள் 714 பேர் ஒப்படைக்கப்பட்டார்கள். பலர் வருடக்கணக்கில் படுத்த படுக்கை. அவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கினார். கணிசமானவர்கள் வீடு திரும்பினார்கள். பெட் கேட்பதற்கு முன்னால் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். மருத்துவமனையில் காய்ச்சலோடு கிடக்கும்போது ஒருவரை மதிப்பிட்டு நெடுநாள் இல்லத்துக்கு எழுதிக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். முதலில் சில வாரம் பிசியோதெரபி, அதற்கப்புறம் முடிவு.

மதிப்பீட்டுக்குப் பார்தல் அளவுகோல் உதவும்: சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது என்று பத்து செயல்கள், 0 முதல் 100 வரை மதிப்பெண். அதோடு நிறுத்திவிடாமல் இரவைப் பற்றிக் கேளுங்கள். பகலில் தடுமாறாமல் நடப்பவர் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தால் யார் பிடிக்கிறார்கள்? டிமென்ஷியா உள்ளவர் நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறாரா? கவனித்துக்கொள்கிற மனைவிக்கோ மகளுக்கோ உடம்பு எப்படி இருக்கிறது? பராமரிப்பவர் ஓய்ந்துபோன நாளில்தான் பல பேர் இல்லத்துக்கு வருகிறார்கள். பராமரிப்பவர்கள் மூச்சுவிட ஒன்றிரண்டு வாரத்துக்குத் தரும் பெட்களைத் தனித் தலைப்பில் காட்டுங்கள். நெடுநாள் பெட்களோடு சேர்த்துவிட்டால் முதல் நெருக்கடியிலேயே அவை காணாமல் போகும்.

ஆள் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். 40 மணி நேர வேலை என்றால், ஒரே ஒரு நர்ஸ் எந்நேரமும் இருக்க 4.2 பேர் வேண்டும். விடுப்பு, உடல்நலக்குறைவு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேருக்கு மேல். அறிக்கையில் கட்டிய பெட், பார்த்துக்கொள்ள ஊழியர் உள்ள பெட், நிரம்பிய பெட் என்று மூன்று பத்தி போடச் சொல்லி நான் விடாமல் கேட்பேன்.

அறை வரைபடத்தைக் காகிதத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். காலி ஹாலில் அறையின் அளவுக்கு டேப் ஒட்டி, ஒரு கட்டிலையும் ஆளைத் தூக்கும் ஹாயிஸ்டையும் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நிற்க முடிகிறதா? வீல்சேர் முழுவட்டம் திரும்ப 150 செ.மீ. இடம் இருக்கிறதா? ஹாயிஸ்டைத் திருப்பும்போது அதன் கால் அலமாரியில் இடித்தால், அந்த அறையில் தினமும் ஒரு நர்ஸின் முதுகு வலிக்கும். தனி அறைகளையே கேளுங்கள். நான்கு பேர் அறையில் ஒரு பெண்மணி இறந்தால், பட்டியலில் முதலில் நிற்பவர் ஆணாக இருந்தால் அந்தப் பெட் காலியாகவே கிடக்கும். ஒருவருக்குத் தொற்று வந்தாலோ நான்கு பெட்டும் முடங்கும்.

திறக்கிற தேதி நெருங்கியதும் எல்லாப் பெட்டையும் ஒரே வாரத்தில் நிரப்பச் சொல்லி நெருக்குவார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு, மூன்று பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். புதிதாக வந்தவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எந்த மாத்திரையை விழுங்கச் சிரமப்படுவார், யார் வந்தால் அமைதியாவார் என்று ஊழியர்கள் தெரிந்துகொள்ள அந்த அவகாசம் வேண்டும். சேர்க்கும் வேகத்தையும் திட்ட அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். அப்போதுதான் முதல் ஆறு மாதக் காலிப் பெட்டைக் காட்டி யாரும் நிதியை வெட்ட முடியாது.