உளி பட்டுப் பாறை உடைவதைக் கணினியில் பார்ப்பது எப்படி?

கல்குவாரியில் கருங்கல்லில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு அடித்துப் பிளப்பார்கள். கல்லை நசுக்குவதுதான் கஷ்டம், பிய்ப்பது சுலபம். கிரானைட்டின் இழுவலிமை (இழுத்தால் தாங்கும் அளவு) அதன் அழுத்த வலிமையில் (நசுக்கினால் தாங்கும் அளவில்) சுமார் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இந்த விகிதம் நம் கணினி மாதிரியிலும் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கருவி: ‘யேட்’ என்ற இலவச மென்பொருள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். பாறையை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டிய மணிகளாகப் பாவிக்கிறோம். இப்படி மணிமணியாகக் கணக்கிடும் முறையை பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்டது மணல் போன்ற உதிரிப் பொருள்களுக்காக; பாறைக்குப் பசையும் வேண்டும்.

முதலில் கட்டி. 60×30×10 மி.மீ. பெட்டியில் 1 மி.மீ. விட்டமுள்ள மணிகளை நெருக்கி அடுக்குங்கள். ஏறத்தாழ 20,000 மணிகள் வரும்; சாதாரண லேப்டாப் தாங்கும்.

அடுத்தது பசை. எல்லோரும் சறுக்குகிற இடம் இது. கோப்பில் நீங்கள் எழுதும் வலிமை பசைக்கு உரியது, பாறைக்கு உரியது அல்ல. அதனால் உளியைத் தொடுவதற்கு முன்பே, இதே மணிகளில் ஒரு சிறு உருளை செய்து ஒருமுறை நசுக்குங்கள், ஒருமுறை இழுங்கள். நான் முதலில் செய்தபோது அழுத்த வலிமை அச்சாகப் பொருந்தியது, இழுவலிமையோ எக்கச்சக்கம்! உருண்டை மணிகளின் குணம் அது. தொட்டுக்கொண்டிருக்கும் மணிகளோடு சற்றுத் தள்ளி இருப்பவற்றையும் சேர்த்து ஒட்டினால் விகிதம் சரியாகும். கணக்கின் முதல் காலப்படியில் மட்டும், ஒரு மணி தன் பக்கத்து மணிகளைத் தேடும் எல்லையை 1.3 மடங்காக்கிவிட்டு, உடனே 1-க்குத் திருப்பிவிடுங்கள். பிறகு பசையின் எண்களை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். பொறுமை வேண்டும்.

இனி உளி. வளையாத ஒரு தகடு போதும். 15 டிகிரி பின்சாய்த்து, 5 மி.மீ. ஆழத்தில் வைத்து, கட்டியின் அடியை அசையாமல் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். வேகம் நொடிக்கு 1 மீட்டர். வேகத்தைப் பாதியாக்கியும் விசை மாறவில்லை என்றால்தான் அந்த வேகத்தை நம்பலாம்.

விசை வரைபடம் ரம்பப்பல் மாதிரி வரும்: ஏறும், சில்லு தெறித்ததும் சரியும். உச்சத்தையும் சராசரியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தை 1 மி.மீ. ஆக்கிப் பார்க்க ஆசை வரும். நிஜத்தில் ஆழம் குறைந்தால் சில்லு பறக்காது, கல் மாவாகத்தான் வரும். ஆனால் ஒற்றை மணி உயரத்துக்குள் அது தெரியாது. மணியை 0.2 மி.மீ. ஆக்கினால் எண்ணிக்கை 125 மடங்கு, அதாவது 25 லட்சம். லேப்டாப் பாவம், கட்டியைச் சின்னதாக்குங்கள்.