ஹெபடைட்டிஸ் பி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

பரிசோதனைக்கூடத்தில் ரிப்போர்ட்டை நீட்டும்போது நான் அடிக்கடி பார்ப்பது: 'பாசிட்டிவ்' என்ற சொல் கண்ணில் பட்டதுமே முகம் வெளிறிவிடும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் பி-யில் ஒரு பாசிட்டிவ் தொற்று இருக்கிறது என்று சொல்லும். இன்னொன்று பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லும். எந்த வரியில் என்று பார்த்த பிறகு பயப்படலாம்.

முதலில் மூன்று வரிகளும் இருக்கின்றனவா பாருங்கள்: எச்பிஎஸ்ஏஜி (HBsAg), ஆன்டி எச்பிஎஸ் (Anti-HBs), ஆன்டி எச்பிசி (Anti-HBc). முதலாவதை மட்டும் எடுத்திருந்தால் பாதிக் கதைதான் தெரியும்.

எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம், அதாவது ஆன்டிஜென் (உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணும் பொருள்). இது பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது. 6 மாதம் தாண்டியும் போகாவிட்டால் நாட்பட்ட தொற்று. தடுப்பூசி போட்ட கையோடு இந்தச் சோதனைக்கு வராதீர்கள். ஊசியில் இருக்கும் புரதமே சில நாள் ரத்தத்தில் தென்படலாம்.

அடுத்தது ஆன்டி எச்பிஎஸ். அந்த மேலுறைக்கு எதிராக உங்கள் உடம்பு செய்த ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதம். இது உருவாகும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். ஆன்டிபாடியைச் செய்யும் வெள்ளை அணுக்கள்தான் பி செல்கள். ஒவ்வொரு பி செல்லும் தனக்கென ஒரு வடிவ ஏற்பியோடு (கிருமியைப் பற்றும் கொக்கி மாதிரி), எந்தக் கிருமியையும் பார்க்கும் முன்பே, தயாராக இருக்கிறது. கோடிக்கணக்கான பி செல்களில் இந்த மேலுறைக்குப் பொருந்துபவை வெகு சில. பொருந்திய செல் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்து, துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் எடுத்து வைக்கிறது. அதே துண்டை அடையாளம் காணும் உதவி டி செல் (இன்னொரு வகை வெள்ளை அணு) ஒன்று வந்து உறுதிசெய்த பிறகே முழுவீச்சில் பெருகுகிறது. பெருகும்போது ஏற்பியில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடக்கின்றன. ஆன்டிஜெனை இறுகப் பிடிப்பவை நிலைக்கின்றன, மற்றவை மடிகின்றன. இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். தடுப்பூசியைத் தவணை தவணையாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு உண்டு. பல வருடம் கழித்து அது 10-க்குக் கீழே இறங்கினாலும், ஆரோக்கியமானவர்களுக்கு அந்த ஆன்டிஜெனை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் கைகொடுக்கும்.

மூன்றாவது வரியைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. ஆன்டி எச்பிசி, வைரஸின் உள்ளே இருக்கும் கருப்புரதத்துக்கு எதிரானது. வழக்கமான தடுப்பூசியில் மேலுறைப் புரதம் மட்டுமே உண்டு, கருப்புரதம் கிடையாது. ஆகவே இந்த வரி பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் உடம்பு அசல் வைரஸையே சந்தித்திருக்கிறது. அதில் ஐஜிஎம் (IgM) என்ற, தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஆன்டிபாடி வகை தெரிந்தால் அநேகமாகப் புதிய தொற்று. ஆனால் இந்த ஆன்டிபாடி பாதுகாப்புத் தராது.

சரி, சேர்த்துப் படியுங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நடுவரி மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது. முதல் வரியும் மூன்றாவதும் பாசிட்டிவ் என்றால் தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். மூன்றாவது மட்டும் பாசிட்டிவ் என்றால் பல காரணம் இருக்கலாம்; நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

நடுவரியும் மூன்றாவதும் பாசிட்டிவாக, முதல் வரி நெகட்டிவாக இருந்தால் தொற்று வந்து குணமாகிவிட்டது. இவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். குணமான பிறகும் வைரஸின் டிஎன்ஏ கல்லீரல் செல்களின் உட்கருவில் தங்கியிருக்கும். அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பது உங்கள் நோயெதிர்ப்பு செல்கள்தான். பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தோ கீமோதெரபியோ அந்தக் காவலைத் தளர்த்தினால் வைரஸ் மறுபடி கிளம்பலாம். அதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் கொடுப்பார். எனவே இந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அப்படிப்பட்ட சிகிச்சை தொடங்கும் முன் மூன்றாவது வரியைச் சுட்டிக்காட்டி டாக்டரிடம் கொடுங்கள்.