டிரேட்மார்க் தேடலில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால், எந்தத் தேதி வரை இல்லை?

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் மசாலா பொடியோ ஊறுகாயோ பாக்கெட் போட்டு விற்கக் கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம் பற்றிப் பேச வருகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் "நீங்கள் தேடிய அன்றைக்கு டிரேட்மார்க் பதிவேட்டில் எந்தத் தேதி வரைக்குமான விண்ணப்பங்கள் ஏறியிருந்தன?" என்று கேட்டால் அநேகமாக யாரிடமும் பதில் இருக்காது. தேடலில் ஒன்றும் வரவில்லை, அதனால் பெயர் நமக்குத்தான் என்று லேபிள் அச்சடித்து, கடைக்குப் போர்டு வைத்து, வேனிலும் எழுதிவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே வேறொருவர் அதே பெயருக்கு விண்ணப்பம் போட்டிருப்பது பிறகுதான் தெரியவருகிறது. சாட்ஸ்வொர்த்திலோ டோங்காட்டிலோ வீட்டுச் சேமிப்பைப் போட்டுத் தொழில் தொடங்கும் குடும்பத்துக்கு அது சின்ன அடி இல்லை.

தென் ஆப்பிரிக்காவில் டிரேட்மார்க் எனப்படும் வணிகச்சின்னங்களின் பதிவேட்டை வைத்திருப்பது பிரிட்டோரியாவில் உள்ள சி.ஐ.பி.சி. (கம்பெனிகள், அறிவுசார் சொத்து ஆணையம்) என்ற அரசு ஆணையம். 2011இல் அமைந்தது. கம்பெனிப் பதிவும் அங்கேதான் நடக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதே முதல் தவறு. கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டால் டிரேட்மார்க்கும் கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தனித்தனிப் பதிவேடு, தனித்தனிச் சட்டம். டிரேட்மார்க்குக்கு உரியது 1993ஆம் ஆண்டின் 194ஆம் எண் சட்டம்.

அடுத்த தவறு, பக்கத்தின் அடியில் எழுதியிருக்கும் தேதியை நம்புவது. "கடைசியாகப் புதுப்பித்தது" என்று நேற்றைய தேதி இருந்தால், நேற்று வரை வந்த விண்ணப்பமெல்லாம் உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தேதி சாப்ட்வேரை மாற்றிய நாளாக இருக்கலாம், கோப்பைக் கடைசியாக ஏற்றிய நாளாக இருக்கலாம். நேற்று ஏற்றிய கோப்புக்குள் சென்ற மாதத்து விண்ணப்பங்கள் மட்டுமே இருந்தாலும் பக்கம் நேற்றைய தேதியைத்தான் காட்டும்.

இன்னும் சிலர் சோதனை செய்து பார்க்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய பிராண்டின் பெயரை அடித்துப் பார்க்கிறார்கள். அது வந்ததும் பதிவேடு சரியாக வேலை செய்கிறது என்று திருப்தி அடைகிறார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் பதிவான பெயர் வரத்தானே செய்யும்? அதை வைத்துப் பதிவேடு இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, போன வாரத்து விண்ணப்பம் ஏறியிருக்கிறதா என்று சொல்ல முடியாது.

சரி, எப்படித்தான் பார்ப்பது? பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். இங்கே ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆண்டு, அதன் பின் ஒரு வரிசை எண் என்று தருகிறார்கள். உதாரணமாக, 2025இல் போட்டது என்றால் 2025/ என்று தொடங்கி அப்புறம் ஐந்து இலக்கம் இருக்கும். இந்த ஆண்டு எண் ஒன்றை அடித்து அதன் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள். மார்ச் மாதம் என்று வந்தால் ஆயிரம் கூட்டிப் போடுங்கள். வந்தால் இன்னும் கூட்டுங்கள், வராவிட்டால் கடைசியாகக் கூட்டியதில் பாதியைக் குறையுங்கள். இப்படி மேலும் கீழும் நகர்ந்தால் சீக்கிரமே ஒரு விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். அதற்கு மேல் எந்த எண்ணும் வராது. அந்த விளிம்பில் உள்ள விண்ணப்பத் தேதிதான் உங்களுக்கு வேண்டிய தேதி. இன்று ஜூன் 20, விளிம்பில் மே 2 என்று இருந்தால், உங்கள் தேடல் பேசுவது மே 2 வரைக்கும்தான். நடுவில் உள்ள ஏழு வாரம் இருட்டு.

தெரிந்தவர் யாராவது அண்மையில் விண்ணப்பம் போட்டிருந்தால் இன்னும் வசதி. அவருடைய ரசீதில் எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண் பதிவேட்டில் வருகிறதா, எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். உண்மையான தாமதம் எவ்வளவு என்று இதைவிட நேராகத் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

விளிம்பைக் கண்டுபிடித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மிக உயர்ந்த எண் கிடைத்ததும், அதற்குக் கீழே உள்ள அத்தனையும் ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டாலும் வரிசையாகவே ஏறுகின்றன என்று சொல்ல முடியாது. கட்டணம் சேராதது, படம் சரியாக வராதது, திருத்தத்துக்குத் திரும்பியது என்று நடுவில் ஓட்டைகள் விழலாம். அதனால் விளிம்பிலிருந்து கீழே இருபது முப்பது எண்களை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு காணாவிட்டால் பரவாயில்லை. பாதிக்குப் பாதி காணவில்லை என்றால் விளிம்பை இன்னும் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த நாட்டில் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே வகுப்பு (பொருள்களையும் சேவைகளையும் எண் போட்டுப் பிரித்திருக்கும் பிரிவு) என்பதையும் மனதில் வையுங்கள். மசாலா 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29, சாப்பாட்டுக்கடை 43. மூன்றும் செய்கிற ஒருவர் ஒரே நாளில் மூன்று விண்ணப்பம் போடுவார், மூன்று எண் வாங்குவார். அதில் ஒன்று மட்டும் திரையில் தெரிந்தால் மற்ற இரண்டும் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஜனவரியில் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆண்டு மாறியதும் வரிசை புதிதாகத் தொடங்குகிறது. டிசம்பர் கடைசியில் நாடே விடுமுறையில் இருக்கும். புதிய ஆண்டின் எண் ஒன்று கண்ணில் பட்டுவிட்டதே என்று மகிழ்ந்துவிடாமல், பழைய ஆண்டின் வால் முழுதும் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணைப் போட்டால் வரும் விண்ணப்பம், பெயரைப் போட்டால் வராமலும் போகலாம். பெயர்த் தேடல் தனி அட்டவணையை நம்பி நடக்கிற இடங்களில் அந்த அட்டவணை பின்தங்கியிருக்கும். லோகோ விஷயத்தில் இது இன்னும் மோசம். மயில், வேல், குத்துவிளக்கு என்று படத்தில் என்ன இருக்கிறது என்பதை யாராவது பார்த்துக் குறியீடு போட்ட பிறகுதான் படத்தேடலில் அது அகப்படும். ஆகவே விளிம்புக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எடுத்து, அதில் உள்ள பெயரை அப்படியே தேடிப் பாருங்கள். பெயர் வழியாகவும் அதே விண்ணப்பம் வந்தால்தான் உங்கள் பெயர்த் தேடலுக்கும் அந்த விளிம்புத் தேதி பொருந்தும்.

எழுத்துக்கூட்டலையும் தாமதத்தையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். முதலியார் மூட்லி ஆகி, கவுண்டர் கோவெண்டர் ஆன நாடு இது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகவாவது எழுதித் தேடாமல், பதிவேடு பின்தங்கியிருக்கிறது என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

சி.ஐ.பி.சி. வெளியிடும் பேட்டன்ட் ஜர்னல் மாதாமாதம் வருகிறது, டிரேட்மார்க் விளம்பரங்களும் அதில்தான் வருகின்றன, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஜர்னலில் வருவது ஆய்வு முடிந்து ஏற்கப்பட்ட விண்ணப்பம். ஆய்வுக்கு எடுக்கவே பல மாதங்கள் ஆகும். அதனால் இந்த மாத ஜர்னலில் இருப்பவை எப்போதோ போட்டவை. ஜர்னலைப் பார்க்க வேண்டியது ஆட்சேபணைக்காக. விளம்பரமான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதற்காகக் கட்டாயம் பாருங்கள். புதிய விண்ணப்பங்களைக் கண்டுபிடிக்க அது உதவாது.

பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் தேடித்தரும் உலகத் தேடுதளங்கள் வசதியானவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றில் இருப்பது நகல். மூலப் பதிவேட்டின் தாமதத்தோடு நகல் எடுத்த தாமதமும் சேரும். அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். எந்த நாட்டுத் தொகுப்பு எப்போது கடைசியாக வந்தது என்று பெரும்பாலும் ஒரு தனிப் பக்கத்தில் போட்டிருப்பார்கள், அதைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்கிறவர்கள் செய்யும் இன்னொரு தவறு, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்க உதவும் மாட்ரிட் முறையின் சர்வதேசப் பதிவுகளில் மட்டும் தேடிவிட்டுத் தென் ஆப்பிரிக்காவையும் பார்த்தாயிற்று என்று நினைப்பது. பக்கத்தில் உள்ள நமீபியா, போட்ஸ்வானா, மொசாம்பிக் எல்லாம் மாட்ரிட்டில் இருக்கின்றன. தென் ஆப்பிரிக்கா அதில் சேரவில்லை. அங்கே தேடியது இங்கே செல்லாது.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பதிவேடு இன்று காலை வரை ஏறியிருந்தால்கூட உங்களுக்குத் தெரியாத விண்ணப்பங்கள் இருக்க முடியும். பாரிஸ் ஒப்பந்தப்படி ஒரு நாட்டில் முதல் விண்ணப்பம் போட்டவர், ஆறு மாதத்துக்குள் இன்னொரு உறுப்பு நாட்டில் போட்டால் அந்தப் பழைய தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் இரண்டுமே உறுப்பினர்கள். சென்னையில் ஒரு மசாலாக் கம்பெனி பிப்ரவரி 10இல் விண்ணப்பம் போடுகிறது. நீங்கள் ஜூன் 20இல் இங்கே போடுகிறீர்கள். அன்றைக்கு இங்கே எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. ஆகஸ்ட் 10க்குள் அவர்கள் இங்கே வந்து முன்னுரிமை கோரினால் பிப்ரவரி 10 என்ற தேதியோடு உங்களுக்கு முன்னால் போய் நிற்பார்கள். இதில் யாருடைய தவறும் இல்லை, சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஆகவே தேடலை ஒரு முறையோடு நிறுத்தக் கூடாது. ஜூன் 20இல் போட்டீர்கள் என்றால், உங்களுக்கு முந்திய முன்னுரிமைத் தேதியோடு வரக்கூடியவர்கள் டிசம்பர் 20க்குள் வந்துவிட வேண்டும். பதிவேடு ஏழு வாரம் பின்தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மறுபடி தேடும்போதுதான் இந்தக் கவலை தீரும். அதுவரை பத்தாயிரம் பாக்கெட் அச்சடிக்காமல் சிறிய அளவில் அடித்துக்கொள்வது நல்லது.

பழைய பதிவுகளின் நிலையும் தாமதமாகத்தான் மாறும். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். காலாவதி என்று திரையில் பார்த்ததும் பெயர் காலியாகிவிட்டது என்று பாயாதீர்கள். கெடு முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் கூடுதல் கட்டணத்தோடு புதுப்பிக்க அவகாசம் உண்டு. புதுப்பித்த செய்தி திரைக்கு வர இன்னும் நாளாகலாம். உரிமையாளர் பெயரும் அப்படித்தான். தாத்தா பெயரிலேயே இருக்கும், தொழிலைப் பேரன் நடத்திக்கொண்டிருப்பார். கைமாறியதை யாராவது எழுதிக் கொடுத்தால்தானே பதிவேட்டில் ஏறும்?

பதிவே செய்யாமல் நெடுங்காலம் ஒரு பெயரில் விற்பவருக்கும் இங்கே பொதுச் சட்டத்தின் (காமன் லா) கீழ் பாதுகாப்பு உண்டு. அவர் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் ஒரு சுற்று நடந்து, கடைத் தட்டுகளில் என்னென்ன பெயர் இருக்கிறது என்று பார்ப்பதும் தேடலில் சேர்த்திதான்.

தேடி முடித்ததும் ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதி, திரைப் படத்தோடு கோப்பில் வையுங்கள். தேடிய தேதி, தேடிய எழுத்துக்கூட்டல்கள், வகுப்புகள், கண்ட மிக உயர்ந்த விண்ணப்ப எண், அந்த எண்ணின் தேதி. வக்கீலிடம் தேடல் அறிக்கை வாங்கினாலும் கடைசி இரண்டும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை தேடும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அந்த எண்ணுக்கு மேலே வந்தவற்றையும் முன்பு ஓட்டையாக இருந்தவற்றையும் பார்த்தால் போதும்.