பழைய எலும்பில் பழைய சாப்பாட்டைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்
எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த, இறந்தவர்களைப் புதைத்த பழங்காலத் தாழிகளைப் பார்க்கும் யாருக்கும், அந்த மக்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். எலும்பில் மிஞ்சியிருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் கார்பன்-13, நைட்ரஜன்-15 என்ற சற்றுக் கனமான அணுக்கள் சாதாரண கார்பன், நைட்ரஜன் அணுக்களோடு எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால் ஓரளவு பதில் கிடைக்கும். நெல், கோதுமை, பருப்பு ஒரு வகை. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை இன்னொரு வகை. ஒளிச்சேர்க்கை முறை வேறு என்பதால் இரண்டாம் வகையில் கார்பன்-13 கூடுதலாக இருக்கும்.

கார்பன்-13 கூடியிருக்கிறது, அப்போ கம்பங்கூழ் குடித்தவர்கள்தான் என்று உடனே முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. கொலாஜன் பெரும்பாலும் உணவிலுள்ள புரதத்தைக் காட்டுவது. சோளத்தட்டை தின்ற மாட்டின் பாலும் கறியும் சோளத்தின் அடையாளத்தையே கொண்டுவரும். கடல் மீன் தின்றாலும் கார்பன்-13 கூடும். கடலோர ஊர்களில் இதை மறக்கவே கூடாது. அதே குழியில் கிடைத்த ஆடு, மாடு, மீன் எலும்புகளையும் அளக்காமல் மனித எலும்பை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் என்பேன்.

நைட்ரஜனும் இப்படித்தான். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன்-15 அளவு ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை கூடும். அதற்காக, கூடியதெல்லாம் கறி தின்றதால் அல்ல. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் கூடும், எரு போட்ட வயலின் பயிரிலும் கூடும்.

அப்புறம், எலும்பின் நிலை. நம் ஊர்ச் சூட்டில் கொலாஜன் சீக்கிரம் சிதையும். கார்பன்-நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இல்லையென்றால் அந்த முடிவை ஒதுக்கிவிட வேண்டும். பழைய சேகரிப்பு என்றால் இன்னொரு ஆபத்து: எலும்பு உதிராமலிருக்க விலங்குப் பசை பூசியிருக்கலாம். அதுவும் கொலாஜன்தான், இந்தச் சோதனையில் தப்பிவிடும். பூசியது என்ன என்று முதலில் பதிவேட்டைப் பாருங்கள்.

கொலாஜன் இல்லையென்றால் பல் எனாமல் உதவும். ஆனால் அது சிறுவயது உணவைச் சொல்வது. எலும்பு பல ஆண்டுகளின் சராசரி. இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

நெல்லா கோதுமையா என்று கார்பன் பிரித்துச் சொல்லாது. தானியத்தின் பெயர் வேண்டுமென்றால் அகழாய்வு மண்ணைச் சலித்து, கரிந்த விதைகளைத்தான் தேட வேண்டும்.