ஒரே பூட்டை இரண்டு முறை கேட்ட டிரைவர்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) எழுதினேன். எடையைப் படிப்பது நன்றாக ஓடும். ரீசெட் கொடுத்தால் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அப்படியே உறைந்துவிடும். அதை நிறுத்தும் கில் கட்டளை கொடுத்தாலும் போகாது. இரண்டு நாள் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் பூட்டுப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் ப்ரூவ் லாக்கிங் வசதியை இயக்கி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மறுபடி கம்பைல் செய்தேன். முதல் ரீசெட்டிலேயே கெர்னலுக்குள் பூட்டுகளைச் சரிபார்க்கும் லாக்டெப் சொல்லிவிட்டது: 'பாசிபிள் ரிகர்சிவ் லாக்கிங் டிடெக்டட்'. அதாவது, பிடித்த பூட்டையே மறுபடி கேட்பதுபோலத் தெரிகிறது. ரீசெட் ஃபங்ஷன் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவருக்கே கிடைக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டே படிக்கும் ஃபங்ஷனை அழைக்கிறது; அதுவும் அதே மியூடெக்ஸைக் கேட்கிறது. லினக்ஸில் வைத்திருப்பவருக்கே அது மறுபடி கிடைக்காது.

படிக்கும் வேலையைப் பூட்டாத உள் ஃபங்ஷனாகப் பிரித்தேன். பூட்டுவது வெளி ஃபங்ஷன்கள் மட்டும். சரி, நடுவில் பூட்டை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த இடைவெளியில் பாதி ரீசெட் ஆன கருவியை இன்னொரு ப்ராசஸ் படித்துவிடும்.