வேலூரில் பெரிய ஹோட்டலில் ரூம் போடும் முன்

கல்யாணத்துக்கோ, சி.எம்.சி.யில் டாக்டரைப் பார்க்கவோ வேலூர் வருகிறவர்கள் வாடகையைப் பேரம் பேசுவார்கள்; செக் அவுட் நேரத்தைக் கேட்க மாட்டார்கள். முதலில் அதைக் கேளுங்கள். சில லாட்ஜுகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலும் பகல் 12 மணியோடு நாள் முடிந்துவிடும். இரவு 11 மணிக்குக் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வருகிறவருக்கு அந்த ‘ஒரு நாள்’ 13 மணி நேரம்கூடத் தேறாது. வாடகை மட்டும் முழுசு!

அப்புறம் அந்தச் சாவி அட்டை. கதவோரம் செருகி வைத்தால்தான் லைட், ஏசி எல்லாம் வேலை செய்யும். நீங்கள் டீ குடிக்க அதை உருவிக்கொண்டு போனால், உள்ளே தூங்கும் மாமனார் வேலூர் வெயிலில் வெந்துபோவார். ரிசப்ஷனில் இன்னொரு அட்டை கேட்டு வாங்கிவிடுங்கள், பொதுவாகத் தருவார்கள்.

மேசை மேல் இருக்கும் தண்ணீர் பாட்டில் இலவசமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி ஃப்ரிட்ஜில் இருப்பதற்கு அநேகமாகத் தனி பில். முந்திரிப் பாக்கெட்டைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாதீர்கள்.

காலை பஃபேயில் ஆறின இட்லியோடு மல்லுக்கட்ட வேண்டாம். தோசைக்கல் பக்கம் போய் நில்லுங்கள், சுடச்சுடக் கிடைக்கும். முடியும் நேரத்துக்குப் போனால் கார்ன்ஃப்ளேக்ஸ்தான்.