விமான டயரில் அழுத்தம் குறைந்துகொண்டே போனால்

விமான டயர்க் கோளாறுகள் பலவும் அழுத்தத்தில்தான் தொடங்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒரே அச்சிலுள்ள இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் மற்றது பாரத்தைத் தாங்கிவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். தாங்கிய டயர் ஓட்டத்தில் சூடேறும். 1991 ஜூலை 11-ல் ஜெட்டாவிலிருந்து அழுத்தம் குறைந்த டயர்களுடன் கிளம்பிய டிசி-8 விமானத்தில், ஓடுபாதையிலேயே டயர்கள் வெடித்துத் தீப்பிடித்தது. 261 பேர் இறந்தார்கள்.

தினமும் அளக்க வேண்டும், அதுவும் டயர் ஆறிய பிறகு. தரையிறங்கி குறைந்தது 2 மணி நேரமாவது ஆகட்டும், 3 என்றால் நல்லது. சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டினால் வாயுவைத் திறந்துவிடாதீர்கள்; ஆறியதும் குறைவாகிவிடும். 3 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 1% அழுத்தம் மாறும். ஆகவே வெப்பநிலை 15 டிகிரி இறங்கினால் 5% குறைவது கசிவே அல்ல.

டயருக்கெனக் குறிப்பிட்ட அழுத்தத்தில் 95 முதல் 100% இருந்தால் நைட்ரஜன் நிரப்பினால் போதும். 90 முதல் 95% என்றால் நிரப்பி, பதிவேட்டில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் மீண்டும் அளக்கவும். மறுபடி குறைந்தால் சக்கரத்தைக் கழற்றவும். 80 முதல் 90% என்றால் நிரப்பவே வேண்டாம், கழற்றுங்கள். 80-க்கும் கீழே போயிருந்தால் அந்த அச்சின் ஜோடி டயரும் போக வேண்டும். இது பரவலான வரம்புதான்; உங்கள் மெயின்டனன்ஸ் மேனுவல் வேறு சொன்னால் அதுவே செல்லும்.

கசிவைத் தேட முதலில் வால்வு வாயில் சோப்புக் கரைசல் ஒரு துளி. குமிழி வந்தால் கசிவது வால்வு கோர், அதாவது வால்வுக்குள் வாயுவை அடைத்து நிற்கும் சிறு பாகம். அடுத்து ஃபியூஸ் பிளக் (வீல் அளவுக்கு மீறிச் சூடானால் உருகி வாயுவை வெளியேற்றும் அடைப்பு), டை போல்ட்டுகள் (வீலின் இரு பாதிகளை இணைப்பவை), அந்தப் பாதிகள் சேரும் இடம். இந்தக் கடைசி இடத்தில் பெரும்பாலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் குற்றவாளி: முறுகியிருக்கும், அல்லது உட்காரும் பள்ளத்தில் அழுக்கு ஒட்டியிருக்கும். பக்கச்சுவரில் வண்ணப் புள்ளியிட்ட வென்ட் துளைகளில் வரும் சிறு குமிழிகளுக்குப் பயப்படாதீர்கள், டயரின் அடுக்குகளுக்குள் ஊடுருவும் வாயு வெளியேறவே அந்தத் துளைகள் போடப்பட்டவை. புது டயர் முதல் 12 மணி நேரத்தில் விரிந்து அழுத்தம் இறங்கும். அதை நிரப்பிய பிறகு 24 மணி நேரத்தில் 5%-க்கு மேல் குறைந்தால்தான் கசிவு.

அச்சு நட்டைத் தளர்த்தும் முன் டயரின் அழுத்தத்தை முழுதும் இறக்கிவிடுங்கள். உடைந்த டை போல்ட் இருந்தால், நட்டு விட்டதும் வீல் பாதிகள் பிய்த்துக்கொண்டு பறக்கும். வால்வு கோரையும் அழுத்தம் இறங்கிய பிறகே கழற்றவும். டயரில் புடைப்பு தெரிந்தால் மட்டும், இறக்கும் முன்பே சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். வாயு போனதும் புடைப்பு மறைந்துவிடும், டயர் ஷாப்பில் தேடினாலும் கிடைக்காது.